ஒத்துக்காத நாட்டோட வியாபாரம்

பக்கத்து ஊட்டுல வெண்ணெய் உருக்கறாங்க. கடைசியா ஒரு கொத்து முருங்கைக்கீரை போட்டிருப்பாங்க போல, அது பொரியற வாசம் ஜன்னல் வழியா வந்து உன் மேஜை மேல நிக்குது. நம்மூட்டுல அந்த வாசம் நின்னு சில மாசமாச்சு. நிறுத்தினது நான்தான். ஏன் நிறுத்தினேன், நிறுத்தினதுக்கு என்ன ஆச்சுன்னு உன்கிட்டச் சொல்லோணும். வேற யாருகிட்டச் சொன்னாலும் நான் வெண்ணெயைப் பத்திப் பேசறேன்னு நெனைச்சுக்குவாங்க. நீ ஒருத்திதான் இதை வெளியுறவு விசயமா எடுத்துக்குவ.

நான் நல்லாத்தான் இருக்கேன். கம்பெனிக்குப் போறேன், வர்றேன், எங்கம்மா போடறதைச் சாப்பிடறேன். நிட்டிங் மிஷின்ல சுவிட்சை அணைச்ச பொறகும் சிலிண்டர் கொஞ்ச நேரம் தானா ஓடும். அப்பவும் துணி எறங்கிட்டேதான் இருக்கும். பாக்கறவங்களுக்கு வித்தியாசம் தெரியாது. அந்த மாதிரி ஒரு ஓட்டத்துல இருக்கேன். யாராவது எப்படி இருக்கீங்கன்னு கேட்டா, இருக்கேனுங்கன்னு சொல்றேன். அதுக்கு மேல அவங்களும் கேக்கறதில்லை.

நீ மொதமொதல்ல எங்க கம்பெனிக்கு வந்த நாளை இப்ப அடிக்கடி நெனைச்சுக்கறேன். மத்தது எல்லாம் மங்கிப்போயிருக்குது, அது மட்டும் தெளிவா நிக்குது. நான் டிப்ளமா முடிச்சு மிஷின் பிட்டரா சேந்து ரெண்டு வருசம் இருக்கும். கிழக்கு ஜெர்மனியிலருந்து ஒரு மிஷின் மரப்பெட்டியில வந்து எறங்கியிருந்துச்சு. அதைப் பூட்டிக் குடுக்க அந்த நாட்டு ஆளு ஒருத்தரும் வந்திருந்தாரு. கோயமுத்தூர்ல பொம்பளைப் புள்ளைங்க காலேஜுல பாடம் நடத்தற டீச்சர் ஒருத்தங்க ஆராய்ச்சிக்காக வந்திருக்காங்கன்னு மேனேஜர் உன்னை என்கிட்ட அனுப்பிச்சாரு. என் கை பூரா கிரீஸ். நீ குடையை மடக்கி ஓரமா வெச்சுப்போட்டு, நின்ன எடத்துலயே கேட்ட.

"இந்த மிஷின் வந்த நாட்டை நம்ம கவர்மெண்டு ஒரு நாடுன்னே ஒத்துக்கலைங்க. அது உங்களுக்குத் தெரியுங்களா?"

"அதெல்லாம் தெரியாதுங்க. ஊசி கேட்டா ஊசி வருதுங்க."

நீ அதை எழுதிக்கிட்ட. என்னைக் கிண்டல் பண்றயோன்னு நெனைச்சேன். பின்னாடி கல்யாணமான பொறகு, உன் ஆராய்ச்சி மொத்தத்தையும் நான் ஒரே வரியில சொல்லிட்டேன்னும், உனக்குத்தான் அதைச் சொல்ல முந்நூறு பக்கம் வேணும்னும் ஊருக்கெல்லாம் சொல்லிட்டிருந்த.

ஜெர்மனி ரெண்டாப் பிரிஞ்சது, மேக்குப் பக்கத்தோட மட்டும் நம்ம நாடு தூதர் வெச்சுக்கிட்டது, கிழக்குப் பக்கத்துக்கு டெல்லியில வெறும் வியாபார ஆபீஸ் ஒண்ணு மட்டும் இருக்கறது, இதெல்லாம் நீ சொல்லித்தான் எனக்குத் தெரியும். தூதர் கெடையாது, கொடி கெடையாது. ஆனா கப்பல் வரும், மிஷின் வரும், நம்ம தேயிலையும் சணலும் துணியும் அங்க போகும். கணக்கு ரூபாயிலயே நடக்கும். முன்னால நின்னு நீ யாருன்னு கேக்காமயே எல்லாக் காரியமும் நடக்கும். அந்த நடக்கற விதம்தான் உன் ஆராய்ச்சி.

அந்த வெளிநாட்டு பிட்டர் வர்ற அன்னைக்கு எங்க மொதலாளி பண்ணுனதை நீ எத்தனை தடவை சொல்லச் சொல்லிக் கேட்டிருக்க. அவரு கட்டிங் மாஸ்டரை விட்டு அந்த நாட்டுக் கொடியைத் தச்சு, கேட்டுல கட்ட ஏற்பாடு பண்ணிட்டாரு. மிஷின் வாங்கிக் குடுத்த பம்பாய் ஏஜெண்டு பாத்துப்போட்டு ஓடி வந்து, கொடி கூடாதுன்னு கையைப் புடிச்சுக்கிட்டாரு. மாலை போடலாங்களான்னு மொதலாளி கேட்டாரு. போடலாமாம். பொன்னாடை? அதும் போடலாமாம். அப்பக் கொடியும் துணிதானுங்களே, அதையே தோள்ல போத்திட்டா என்னங்கன்னு கேட்டாரு பாரு. அதைக் கேட்டு உனக்குச் சிரிப்பு அடங்கலை. உன்னோட மூணாவது அத்தியாயம் பூரா மாலைக்கும் கொடிக்கும் நடுவுல இருக்கற எடத்தைப் பத்தித்தான்னு சொன்ன.

நீ மெட்ராஸுல எம்.ஏ. படிச்சப்ப வகுப்புல ரெண்டே பொம்பளைங்க. பெரிய நாடுக, பெரிய சண்டை, அணுகுண்டு, இதைப் பத்தித்தான் எல்லாரும் எழுதுவாங்களாம். நீ மட்டும் ஒருத்தரோட ஒருத்தர் பேசாத நாடுகளுக்கு நடுவுல தபால் பை எப்படி மாறுது, ஆத்துத் தண்ணியை எப்படிப் பங்கு போட்டுக்கறாங்கன்னு தேடிட்டிருந்த. டெல்லியில ஒரு கருத்தரங்குக்குக் கட்டுரை வாசிக்கப் போயிட்டு வந்த. அங்க ஒரு பெரிய மனுசன், திருப்பூர்லருந்து வந்துட்டு உனக்கென்ன வெளியுறவுன்னு கேட்டாராம். உங்க சட்டைக்குள்ள பனியனாப் போட்டிருக்கீங்களே அதுதானுங்கன்னு பதில் குடுத்ததா எங்கம்மாகிட்டச் சொன்ன. எங்கம்மா அதை ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டுச்சு. அப்பறம் என்கிட்ட, அப்படிச் சொல்லலைங்க, வாயடைச்சு நின்னுட்டேன், ரயில் ஈரோடு தாண்டும்போதுதான் அந்தப் பதிலே தோணுச்சுன்னு ஒத்துக்கிட்ட.

இந்த ஆராய்ச்சி உனக்கு எங்கிருந்து வந்துச்சுன்னு உன் பேராசிரியர் கேட்டப்ப, புஸ்தகத்துலருந்துன்னு சொன்ன. எனக்குத் தெரியும், அது உங்க கெணத்துலருந்து வந்துச்சு.

ஊத்துக்குளிக்குப் பக்கத்துல உங்க தோட்டம். உன்னைப் பெத்த அய்யனும் உங்க பெரியப்பனும் வரப்புத் தகராறுல பேச்சை விட்டாங்க. நீ பாவாடை கட்டின புள்ளையா இருந்தப்ப. ஆனா கெணறு ஒண்ணுதான். முறைத் தண்ணி, ஆளுக்கு அரை நாள். ரெண்டு பேரும் எதிரெதிர்க் கரையில மாட்டைப் பூட்டித் தண்ணி எறைப்பாங்க. யாருக்காவது முறை மாத்திக்கணும்னா நேர்ல கேக்க முடியாது. பெரியப்பன் அவரோட மயிலை மாட்டுகிட்டச் சத்தமாச் சொல்லுவாரு, நாளைக்கு ஒரு கண்ணாலத்துக்குப் போகோணும், நமக்குத் தண்ணி வேண்டாம்டா மயிலைன்னு. இந்தக் கரையில உங்கய்யன் அவரோட செவலைகிட்ட, அப்படின்னா நாளைக்கு நீயும் நானும் எறைச்சுக்கலாம்டா செவலைன்னு பதில் சொல்லுவாரு. ஒருக்கா பெரியப்பன், எதிர்க்கரை மாட்டுக்குப் புத்தியில்லைன்னு மயிலைகிட்டச் சொல்லப் போக, உங்கய்யன் ரெண்டு நாள் செவலைகிட்டப் பெரியப்பனைத் திட்டித் தீத்தாராம். ஆனா ஒரு நாளும் ஒரு பாத்தி காயலை. அதைத்தான் நீ கரையில உக்காந்து பாத்து வளந்த. பேச்சு நின்னாலும் தண்ணி நிக்கறதில்லை. அது உனக்கு அந்த வயசுலயே பெரிய அதிசயமா இருந்திருக்குது.

நீ என்னைக் கட்டிக்கிட்ட. தறிக்காரன் மகனை. நீ தோட்டத்துக்காரங்க ஊட்டுப் பொண்ணு. பூண்டிக் கோயில்ல நடந்த கல்யாணத்துக்கு உங்க பக்கத்துலருந்து உன் சிநேகிதிக ரெண்டு பேருதான் வந்தாங்க. உங்கய்யன் அன்னைக்கோட உன் பேரைச் சொல்றதை விட்டுட்டாருன்னு கேள்விப்பட்டோம். நீ ஒரு நாளும் எனக்கு முன்னால அழுகலை.

அப்பறம் ஒரு செவ்வாக்கெழமை மயிலாத்தாக்கா வந்தாங்க. ஊத்துக்குளியிலருந்து ரயிலேறி வந்து நம்ம வீதியில வெண்ணெய் விக்கறவங்க. ஒரு தூக்குப்போசிப் பாத்திரம் நெறைய வெண்ணெயை உன் கையில குடுத்தாங்க. நாங்க வெண்ணெய் கேக்கலையேன்னேன். "குடுக்கச் சொன்னாங்க," அப்படின்னுட்டு அடுத்த ஊட்டுக்குப் போயிட்டாங்க. யாரு சொன்னாங்கன்னு நான் கேக்க வாயெடுத்தப்ப நீ என் கையை அழுத்தின. யாருன்னு கேக்கக் கூடாது, அதுதான் இதுல சட்டம்னு சொன்ன. பாத்திரத்தை வெறுமனே திருப்பக் கூடாதுன்னு, அடுத்த செவ்வாக்கெழமை ரெண்டு புதுப் பனியனை மடிச்சு அதுக்குள்ள வெச்சு அனுப்பிச்ச. உங்கய்யனோட அளவு. மயிலாத்தாக்கா மூடியைத் தெறந்து பாத்துப்போட்டு ஒண்ணும் சொல்லாமக் கொண்டுபோனாங்க. வெண்ணெய் வரும், பனியன் போகும். நீ அதுக்கு ரூபாய் வியாபாரம்னு பேரு வெச்ச. அப்ப நாம சிரிச்சோம். நெஜமாவே நமக்கு அதுல ஒரு கொறையும் தெரியலை.

உன் ஆராய்ச்சியும் அதே குணத்துலதான் வளந்துச்சு. மொத ஆறு அத்தியாயமும் அந்த ஏற்பாட்டைப் புகழ்ந்துதான் எழுதின. வீம்பு வீம்பா இருக்கட்டும், காரியம் காரியமா நடக்கட்டும்னு. கெணத்தைப் பத்தி எழுதின பக்கங்களைப் பேராசிரியர் எடுக்கச் சொன்னாரு. வெளியுறவுல மாட்டுக்கு என்னம்மா வேலைன்னு அவரு கேட்டதை வந்து சொல்லும்போது உனக்குக் கோவமும் சிரிப்பும் சேந்து வந்துச்சு. எடுத்துட்ட. ஆனா தனியா ஒரு உறையில போட்டு வெச்சுக்கிட்ட.

கடைசி அத்தியாயம்தான் உன்னை மாத்திப்போட்டுச்சு. டெல்லி, மெட்ராஸ்னு சேத்த காகிதத்தையெல்லாம் வரிசை போட்டுப் பாத்துட்டு, ஒரு காலையில திருப்பூர் ஸ்டேஷன்ல கோயமுத்தூர் வண்டிக்கு நின்னுட்டிருந்தப்ப என்கிட்டச் சொன்ன.

"ஏனுங்க, இத்தனை வருசம் நான் பாதியைத்தான் எழுதியிருக்கேனுங்க. ஒத்துக்காமயே காரியம் நடந்துருதுன்னு எழுதினேன். காரியம் நடக்கறதாலதானுங்க ஒத்துக்காமயே இருக்காங்க. கப்பல் வந்துட்டே இருக்கற வரைக்கும் டெல்லியில யாருக்கு அவசரம்? காத்துட்டிருக்கற நாட்டுக்குத்தான் அவசரம். அதோட அவசரத்தை இந்த ஏற்பாடே தின்னுப்போடுதுங்க."

வண்டி வந்துருச்சு. நீ ஏறி ஜன்னலோரம் உக்காந்தப்பறம் வெளிய குனிஞ்சு, அடுத்த செவ்வாக்கெழமை தூக்குப்போசியைத் திருப்பியனுப்பப் போறேனுங்கன்னு சொன்ன. அப்பத்தான் நீ பேசினது எந்த நாட்டைப் பத்தின்னு எனக்கு உறைச்சுது.

செவ்வாக்கெழமை வந்துச்சு. மயிலாத்தாக்கா வந்தாங்க. நீ வாசல்ல நின்னு போசியை வாங்கின, மூடியைத் தெறந்து மோந்து பாத்த, உள்ள போயிட்ட. கொஞ்ச நேரத்துல முருங்கைக்கீரை பொரியற வாசம் வந்துச்சு. நான் சமையல்கட்டுக்கு வந்து நின்னேன். நீ திரும்பாமயே, எழுதறது வேறங்க, திருப்பியனுப்பறது வேறங்கன்னு சொன்ன. அதுக்கடுத்த வாரமும் அதேதான். அதுக்கடுத்த வாரம் நீ அந்தப் பேச்சையே எடுக்கலை. நானும் எடுக்கலை. கடைசி அத்தியாயத்தை மட்டும் எழுதி முடிச்ச. என்ன தைரியமா எழுதியிருக்க. நல்லா நடக்கற ஏற்பாடுதான் நியாயத்துக்கு மொத எதிரின்னு அர்த்தம் வர்ற மாதிரி எழுதியிருக்க. அப்படி எழுதின கை அந்த ஒரு போசியைத் திருப்ப மாட்டேன்னுடுச்சு.

அதை இப்ப நெனைச்சா எனக்கு உன்மேல கோவம் வர மாட்டேங்குது. அதுல இருந்தது உங்கய்யன் கை தொட்ட ஒரே பொருளு. அதைத் திருப்பிட்டு, அவரு வராமயே போயிட்டா உனக்கு என்ன மிஞ்சும்? அந்தப் பயம் எந்த அத்தியாயத்துலயும் இல்லை.

ஆராய்ச்சியை டைப் அடிச்சு யுனிவர்சிட்டிக்கு அனுப்பிச்ச. நேர்ல கேள்வி கேக்கற பரிட்சைக்கு நாள் குறிச்சுச் சொல்றோம்னாங்க. அதுக்குள்ள மஞ்சக்காமாலை. கண்ணு மஞ்சளாயிருக்குதேன்னு நான் கேட்டப்ப, டைப் மை கண்ணுல ஏறியிருக்கும்னு சொன்ன. அதுக்கப்பறம் நடந்தது உனக்கே தெரியும். தெரியாததை மட்டும் சொல்றேன்.

கட்டிக்குடுத்த பொண்ணு போயிட்டா பொறந்த ஊட்டுலருந்து கோடிச்சேலை வரோணும். அதைப் போத்தாம எடுக்க மாட்டாங்க. அது உங்களுக்கும் வழக்கம், எங்களுக்கும் வழக்கம். சொல்லியனுப்பிச்சாச்சு. எங்க பெரியவங்க வாசல்ல உக்காந்துட்டு வீதியவே பாத்துட்டிருந்தாங்க. ஒரு ஆளு, பத்தடி தள்ளி நின்னாக்கூடப் போதும்னு எங்கம்மா சொல்லிட்டிருந்துச்சு. உச்சிவேளைக்கு ரயில் வந்த பொறகு வீதி முனையில மயிலாத்தாக்கா தெரிஞ்சாங்க. தலையில கூடையில்லை. கையில ஒரு காகிதப் பொட்டலம். உள்ள வந்து என் கையில குடுத்தாங்க. வழக்கமாச் சொல்றதைத்தான் சொன்னாங்க.

"குடுக்கச் சொன்னாங்க சாமி."

அரக்குச் சேலை. நல்ல சேலைதான். போத்தினோம். ஒருத்தரும் ஒரு கொறை சொல்ல முடியலை. எல்லா மொறையும் நடந்துச்சு. ஒருத்தரும் வரலை.

அன்னைக்கு நான் அழுகலை. உன் கடைசி அத்தியாயம்தான் எனக்கு மனசுல ஓடிட்டிருந்துச்சு. உன் சாவுக்குக்கூட அந்த ஏற்பாடு ஒரு வழி வெச்சிருக்குது. நீ எழுதினது எவ்வளவு சரின்னு அன்னைக்கு எனக்குத் தெரிஞ்சுச்சு. சொல்றதுக்கு நீ இல்லை.

காரியமெல்லாம் முடிஞ்ச அடுத்த செவ்வாக்கெழமை தூக்குப்போசி வந்துச்சு. எதுவுமே நடக்காத மாதிரி. எனக்கு என்ன பண்றதுன்னே தெரியலை. வாங்கிட்டேன். உருக்கத் தெரியாது, எங்கம்மாகிட்டக் குடுத்துட்டேன். கொஞ்ச நாள் அப்படியே போச்சு.

புரட்டாசியில ஒரு நாள் கம்பெனியில டீ குடிச்சிட்டிருந்தோம். கட்டிங் மாஸ்டர் பேப்பரைப் படிச்சுட்டு, நம்ம மிஷினோட நாட்டை நம்ம கவர்மெண்டு ஒத்துக்கிச்சாமுங்கன்னு சொன்னாரு. இனிமே தூதர் உண்டு, கொடி உண்டு. மொதலாளி அந்தப் பழைய கொடி எங்க போச்சுன்னு கேட்டாரு. மிஷின் தொடைக்கப் போட்டு ரெண்டு வருசமாச்சுங்கன்னாரு மாஸ்டர். எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன்னு நெனைக்கறேன். அப்பறம் அந்த மிஷின்கிட்டப் போய் நின்னேன். அது பாட்டுக்கு ஓடிட்டிருந்துச்சு, நேத்து எப்படி ஓடுச்சோ அதே மாதிரி. நீ போனதுக்கும் இந்தச் செய்திக்கும் ரெண்டு மூணு மாசம். அவ்வளவுதான் வித்தியாசம். நீ இருந்திருந்தா அந்தப் பேப்பரைப் புடிச்சுட்டு, ஏன் இப்ப, யாருக்கு என்ன நின்னுபோச்சுன்னு இப்ப, அப்படின்னு ராத்திரி பூரா கேட்டிருப்ப. அதைக் கேக்க ஆளில்லாம அந்தச் செய்தி பழசாப் போச்சு.

அந்த வாரம் மயிலாத்தாக்கா வந்தப்ப நான் போசியை வாங்கலை. கோவத்துல இல்லை. மிஷின்ல எங்க தப்புன்னு தெரியோணும்னா ஒரு தடவை நிறுத்திப் பாக்கோணும், அந்த மாதிரிதான். நீ எழுதினதை நீ செஞ்சு பாக்கலை. யாராவது ஒருத்தர் செஞ்சு பாக்கோணுமில்லை.

"திருப்பிக் கொண்டுபோயிருங்கக்கா," அப்படின்னேன். "குடுக்கச் சொன்னவங்க வந்து குடுத்தா வாங்கிக்கறேன்னு சொல்லுங்க."

மயிலாத்தாக்கா கூடையை எறக்கி வெச்சுட்டாங்க. இத்தனை வருசத்துல அந்தப் பக்கத்துல ஒரு ஆளு இருக்காருன்னு நாங்க வாய்விட்டுச் சொன்னது அதுதான் மொதல். "அய்யோ சாமி, இதை நான் எந்த மாட்டுகிட்டப் போய்ச் சொல்றது," அப்படின்னாங்க. சிரிக்கத்தான் சொன்னாங்க, கண்ணு சிரிக்கலை. போசியைக் கூடையில வெச்சுட்டு, புள்ளை இருந்தா இப்படிப் பண்ணாதுங்கன்னு சொல்லிட்டுப் போனாங்க. அது நெசம்தான்.

அதுக்கப்பறம் ஒண்ணும் வரலை. செவ்வாக்கெழமை மயிலாத்தாக்கா நம்ம வாசலைத் தாண்டிப் போவாங்க, பாக்க மாட்டாங்க. ஐப்பசி போச்சு, கார்த்திகை போச்சு. நீ பயந்தது இதுக்குத்தானேன்னு எனக்குத் தோண ஆரம்பிச்சுச்சு. உன்னோட கடைசி நூலையும் நானே அறுத்துப்போட்டேனோன்னு. எங்கம்மா தெனமும் அதைத்தான் சொல்லிட்டிருந்துச்சு.

மார்கழியில ஒரு நாள், ஷிப்டு மாறற நேரம், கேட்டுல வாட்ச்மேன் கூப்பிட்டான். போனேன். உங்கய்யன் நின்னுட்டிருந்தாரு. உன் முகம் அப்படியே. நீ எப்பவும் சொல்லுவ, மூக்கு மட்டும் அவருதுன்னு. மூக்கு மட்டுமில்லை. என்னைப் பாத்தாரு, உடனே வாட்ச்மேன் பக்கம் திரும்பிட்டாரு.

"இவங்க ஊடு எங்கிருக்குதுன்னு கொஞ்சம் கேளுங்க."

வாட்ச்மேன் தென்காசிப் பக்கத்துக்காரன். அவனுக்கு ஒண்ணும் புரியலை. "அவுக இந்தா முன்னாலதான நிக்காக, நீங்களே கேளுங்க ஐயா," அப்படின்னான். உங்கய்யன் மறுபடியும் அவன்கிட்டவே, ஊடு தெரியாமத்தான் கம்பெனிக்கு வந்ததாச் சொல்லச் சொன்னாரு. இத்தனை வருசம் வெண்ணெய் வந்த ஊடு அவருக்கு எந்த வீதியிலன்னு தெரியாது.

நான் வாட்ச்மேனைப் பாக்கலை. அவரையே பாத்து, "வாங்க, கூட்டிட்டுப் போறேனுங்க," அப்படின்னேன்.

வழியெல்லாம் ரெண்டடி பின்னாலயே வந்தாரு. சாயப்பட்டறைக்கிட்ட மூக்கைப் பொத்திக்கிட்டாரு. வாசல்ல செருப்பைக் கழட்டிட்டு உள்ள வரலாமா வேண்டாமான்னு நின்னாரு. எங்கம்மா தண்ணி கொண்டுவந்து நீட்டுச்சு. அதைப் பாத்துட்டே நின்னாரு, அப்பறம் வாங்கிக் குடிச்சாரு. சொம்பைத் திருப்பிக் குடுக்கறப்பத்தான் என் மூஞ்சியைப் பாத்து மொத வார்த்தை பேசினாரு.

"புள்ளை எங்க உக்காந்து எழுதும்?"

காட்டினேன். உன் நாற்காலியில உக்காரலை. பக்கத்துல தரையில உக்காந்தாரு. கோடி குடுத்தனுப்பிச்ச அன்னைக்கு ஊத்துக்குளி ஸ்டேஷன் வரைக்கும் வந்ததாவும், வண்டி வந்ததாவும், ஏறலைன்னும் தரையைப் பாத்துட்டே சொன்னாரு. ஏன்னு நான் கேக்கலை. போறப்ப, அது என்னதான் எழுதுச்சுன்னு கேட்டாரு. இங்கிலீசுல இருக்குதுங்க, வேணும்னா நான் படிச்சுத் தமிழ்ல சொல்றேன்னேன். ஞாயித்துக்கெழமை வர்றேன்னாரு.

வந்தாரு. வந்துட்டே இருக்காரு. நான் உன் நாற்காலியில உக்காந்து படிப்பேன், அவரு தரையில. என்னோட இங்கிலீசு மிஷின் கேட்லாக் இங்கிலீசு, உனக்குத் தெரியும். ஒரு பக்கத்துக்கு அரைமணி நேரம் ஆகும். சில எடம் எனக்கே புரியாது, புரியலைன்னு சொல்லிருவேன். பரவாயில்லை மேல போங்கன்னுவாரு. மாலைக்கும் கொடிக்கும் நடுவுல வர்ற அத்தியாயத்துல வாய்விட்டுச் சிரிச்சாரு. பேராசிரியர் எடுக்கச் சொன்ன கெணத்துப் பக்கங்களையும் உறையிலருந்து எடுத்துப் படிச்சேன். மூச்சு விடாமக் கேட்டாரு. முடிச்சதும், மாட்டை மாத்தி எழுதிப்போட்டுதுன்னாரு. மயிலைதான் அவருதாம், செவலை அண்ணனோடதாம். ஒரு படிச்ச புள்ளை எழுதற எழுத்தா இதுன்னு திட்டினாரு. திட்டிட்டு ரொம்ப நேரம் மேல்துண்டால மொகத்தைத் தொடைச்சுட்டிருந்தாரு. அதை நீ பாத்திருக்கோணும். என்னால இதுல எதையும் உனக்குக் கொண்டுவந்து குடுக்க முடியலை. அதுதான் எனக்குத் தீராத வருத்தம். நாம ரெண்டு பேரும் சேந்து ஒரே ஒரு செவ்வாக்கெழமை போசியைத் திருப்பியிருந்தா, இந்த மனுசன் இந்தத் தரையில உக்காந்து உன் வாயாலயே இதைக் கேட்டிருப்பாரு. நீ எழுதினது சரியா இருந்துச்சு. சரியா இருந்ததுதான் இப்பத் தாங்க முடியலை.

போன ஞாயித்துக்கெழமை கடைசி அத்தியாயத்துக்கு வந்தோம். அதை நான் படிக்கலை. ஸ்டேஷன்ல நீ என்கிட்டச் சொன்ன மாதிரியேதான் அவருகிட்டச் சொன்னேன். ஒத்துக்காத நாடு ஒண்ணு இருக்குது. காத்துட்டிருக்கற நாடு ஒண்ணு இருக்குது. நடுவுல எல்லாம் நல்லா நடந்துட்டிருக்குது. நல்லா நடக்கறதாலயே ஒத்துக்காத நாட்டுக்கு ஒரு நாளும் எந்திரிச்சு வர வேண்டியதில்லாமப் போச்சு. அவ்வளவுதானுங்கன்னேன்.

அவரு உன் கடைசிப் பக்கத்தை என் கையிலருந்து வாங்கி, படிக்கத் தெரியாத அந்த எழுத்தைப் பாத்துட்டே கேட்டாரு.

"தம்பி, இதுல நான் எந்த நாடு?"

இத்தனை வருசம் உன் ஆராய்ச்சியைப் பத்தி யாரும் உன்கிட்ட இப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. டெல்லியில கேக்கலை, மெட்ராஸுல கேக்கலை. நீ சிரிச்சிருப்ப, அப்பறம் ரெண்டு நாள் சோறு எறங்காம உக்காந்திருப்ப. நான் பக்கத்தைத் திருப்பி வாங்கி அடுக்கி வெச்சேன். அடுத்த வாரம் சொல்றேனுங்கன்னு சொல்லிட்டேன். அவரும் வண்டிக்கு நேரமாச்சுன்னு எந்திரிச்சுட்டாரு.

இன்னைக்குச் சனிக்கெழமை. மிஷின் சத்தத்துக்கு நடுவுலயும் அந்தக் கேள்வியைச் சுமந்துட்டுத்தான் திரியறேன். நாளைக்கு அவரு வந்து தரையில உக்காந்து என் மொகத்தைப் பாப்பாரு. பதில் எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். ஆனா அதை அவருகிட்டச் சொல்ல வேண்டியவ நீ. சொல்லிட்டு, அவரை எந்திரிக்கச் சொல்லி நாற்காலியில உக்கார வெக்க வேண்டியவளும் நீதான்.